கிரேக்க வீரன் என்ன அணிந்து போருக்குப் போனான்?

கேள்வி இதுதான்: பண்டைய கிரேக்கப் போர்வீரர்கள் உண்மையில் எப்படிப்பட்ட தலைக்கவசமும் போர் உடையும் அணிந்தார்கள்? திரைப்படங்களில் வருகிற மாதிரி வெற்று மார்பு, சிவப்புப் போர்வை, முகத்தை மறைக்கும் வெண்கலக் கவசம் என்று எல்லோரும் ஒரே தோற்றத்தில் இருந்தார்களா?

இல்லை. "கிரேக்க வீரன்" என்று நாம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது வெண்கலக் கால மைசீனிய அரண்மனைகளின் காலத்திலிருந்து மாசிடோனிய மன்னர்கள் வரை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிற காலம். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் சீருடை என்ற ஒன்றே கிடையாது. குடிமகன் தன் சொந்தக் காசில் வாங்கியதையோ, அப்பா விட்டுப்போனதையோ மாட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றான். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. கி.மு. 700 வாக்கில் தலை முதல் கணுக்கால் வரை வெண்கலத்தால் மூடிக்கொள்ளத் தொடங்கிய அந்த வீரன், அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அதில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டான். ஏன் கழற்றினான் என்று பார்த்தால் மற்றவை தானாக விளங்கும்.

சரி, பழையதிலிருந்தே வருகிறேன். 1960-இல் ஆர்கோலிட் பகுதியில், மைசீனிக்கு அருகிலுள்ள டென்ட்ரா என்ற ஊரில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது முழு வெண்கலக் கவசம் ஒன்று கிடைத்தது. கி.மு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கழுத்தைச் சுற்றி முகவாய் வரை உயரும் பட்டை, தோள்களுக்குத் தனித் தகடுகள், மார்புக்கும் முதுகுக்கும் இரண்டு பெரிய தகடுகள், இடுப்புக்குக் கீழே தொடை வரை அடுக்கடுக்காகத் தொங்கும் பட்டைகள். எல்லாவற்றையும் தோல்வாரால் கோத்திருக்கிறார்கள். எடை 15 கிலோவுக்கு மேல். இதைப் போட்டுக்கொண்டு யார் சண்டை போட முடியும், சடங்குக்காகச் செய்திருப்பார்கள் என்று பலர் நெடுநாள் நினைத்தார்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் கிரேக்க ராணுவத்தின் மரைன் வீரர்கள் 13 பேர் அந்தக் கவசத்தின் நகலை அணிந்துகொண்டு, 11 மணி நேரம் அக்காலப் போர்முறையில் ஓடியும் குத்தியும் எய்தும் பார்த்தார்கள். தாங்க முடிந்தது. ஆகவே அது சண்டைக்கு உதவாத கவசம் என்று இனி சொல்ல முடியாது.

அதே கல்லறையில் காட்டுப்பன்றிக் கொம்பால் செய்த தலைக்கவசமும் இருந்தது. கொம்பு என்கிறேனே, அது பன்றியின் கோரைப்பல். பல்லை நீளவாக்கில் பிளந்து, பிறை வடிவில் சீவி, ஓரங்களில் துளையிட்டு, தோல் தொப்பியின் மேல் வரிசை வரிசையாகத் தைப்பார்கள். ஒரு வரிசையின் பிறைகள் வலப்பக்கம் வளைந்தால் அடுத்த வரிசை இடப்பக்கம் வளையும். ஒரு தலைக்கவசத்துக்குச் சுமார் நாற்பது பன்றிகள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதை அணிந்தவன் வேட்டைக்காரன் மட்டுமல்ல, வேட்டைக்கு ஆட்களை அனுப்பக்கூடிய பெரிய மனிதன் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. தெரா தீவின் அக்ரோத்திரி சுவரோவியங்களிலும் இந்தத் தொப்பிகள் வரிசையாகத் தெரிகின்றன.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது கவிஞர் ஹோமர். டிராய் போரைப் பாடும் அவருடைய இலியத் காவியத்தின் பத்தாம் காண்டத்தில் இரவு வேவுக்குக் கிளம்பும் ஒடிசியஸுக்கு மெரியோனீஸ் இப்படியொரு தலைக்கவசத்தைத் தருகிறான். உள்ளே இழுத்துக் கட்டிய தோல்வார்கள், நடுவில் ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளி, வெளியே வெள்ளைப் பன்றிப் பற்கள் என்று வர்ணனை துல்லியமாக இருக்கிறது. அது யார் வீட்டில் திருடப்பட்டு, யாருக்குப் பரிசாகி, யார் கைமாறி வந்தது என்ற வரலாறும் கூடவே வருகிறது. அந்தக் கவிதை இன்றைய வடிவத்தை அடைந்தபோது அப்படிப்பட்ட தலைக்கவசங்கள் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மைசீனியக் கல்லறைகளில் கிடைத்த துண்டுகளை ஒட்டவைத்துப் பார்க்க ஹோமரின் வரிகளே வழிகாட்டின.

கி.மு. 12ஆம் நூற்றாண்டில் அந்த உலகம் சரிகிறது. அந்தக் கட்டத்தில் வரைந்த மைசீனியின் புகழ்பெற்ற வீரர் சாடியில், கொம்பு முளைத்த தலைக்கவசத்துடன், ஈட்டியில் பை தொங்க, சிப்பாய்கள் வரிசையாக நடக்கிறார்கள். ஓரத்தில் ஒரு பெண் கையை உயர்த்தி வழியனுப்புகிறாள். அதன்பின் சில நூற்றாண்டுகளுக்குச் சான்றுகள் மெலிந்துவிடுகின்றன. மறுபடி தெளிவாக ஒரு வீரன் நம் முன் வருவது ஆர்கோஸ் நகரில். 1953-இல் அங்கே தோண்டிய, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கல்லறையில் மணி வடிவ மார்புக்கவசமும் உயரமான கொண்டை வைத்த கூம்புத் தலைக்கவசமும் இருந்தன. இடுப்பில் வெளிப்பக்கம் விரிந்து நிற்பதால் அந்த மார்புக்கவசத்துக்கு மணிக்கவசம் என்று பெயர் வைத்தார்கள். அப்படி விரிந்தால்தான் காலைத் தூக்கி ஓட முடியும்.

இதற்கு அடுத்து வருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த கொரிந்தியத் தலைக்கவசம். ஏறக்குறைய கி.மு. 700-இல் தோன்றியது. பாதாம்பருப்பு வடிவில் இரண்டு கண் திறப்பு, மூக்கின் மேல் இறங்கும் தகடு, கன்னங்களை மூடி முன்னால் ஏறக்குறையச் சேரும் இரு பக்கங்கள், நடுவே ஒரு செங்குத்துப் பிளவு. காதுக்குத் திறப்பு கிடையாது. அந்தப் பெயர் நாம் வைத்ததல்ல. லிபியாவில் ஒரு திருவிழாவில் பெண்ணுக்குக் கொரிந்தியத் தலைக்கவசம் மாட்டி ஊர்வலம் விடுவதைச் சொல்லும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். அவர் மனதில் இருந்த வடிவம் இதுதான் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறோம்.

அதன் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நல்ல கொரிந்தியத் தலைக்கவசத்தில் ஒட்டு இல்லை, ஆணி இல்லை, கீல் இல்லை. முழுவதும் ஒரே வெண்கலத் துண்டை அடித்து எழுப்பியது. வெண்கலம் அடிக்க அடிக்க இறுகும். இறுகிய பிறகும் அடித்தால் வெடிக்கும். அதனால் கன்னார் அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி இளக்கி அடிக்க வேண்டும். தலை உச்சியைக் குழிக்க வேண்டும், பிடரியை உள்ளே இழுக்க வேண்டும், மூக்குத் தகட்டில் மட்டும் கனத்தைக் குறைய விடக் கூடாது. அடி விழப்போகிற இடம் அது. மற்ற இடங்களில் தகடு மெல்லியதாகவே இருக்கும், பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே. எடை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய பாரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

உள்ளே துணியோ தோலோ ஃபெல்ட்டோ வைத்துத் தைப்பார்கள். பழைய தலைக்கவசங்களின் விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருப்பது அதற்குத்தான். பின்னால் வந்தவற்றில் துளைகள் மறைகின்றன, உள்ளுறையை ஒட்டியிருப்பார்கள். தனியாக ஒரு குல்லாவும் அணிந்தார்கள். பெர்லினில் உள்ள சோசியாஸ் கிண்ணத்தில், காயம்பட்ட பட்ரோக்ளஸுக்கு இலியத்தின் நாயகன் அகிலீஸ் கட்டுப் போடும் காட்சி இருக்கிறது. பட்ரோக்ளஸ் தலையில் இருப்பது அந்த உட்குல்லாதான்.

இந்தத் தலைக்கவசம் முகத்தை அருமையாகக் காக்கும். விலை என்ன? பக்கப் பார்வை குறையும். காது அடைக்கும். கிரேக்கப் போர்கள் பெரும்பாலும் கோடையில் நடந்தன. அந்த வெயிலில் வெண்கலத்துக்குள் மூச்சு விடுவதே ஒரு வேலை. அதனால் சண்டை தொடங்கும் கணம் வரை அதைப் பின்னுக்குத் தள்ளி உச்சந்தலையில் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸின் மார்பளவுச் சிலையிலும் பல அதீனா சிலைகளிலும் நீங்கள் பார்ப்பது அந்த நிலைதான். பெரிக்ளீஸின் தலை நீண்டிருந்ததால் அதை மறைக்கச் சிற்பிகள் இப்படிச் செய்தார்கள் என்று பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்வார். ஏற்றி வைத்த தலைக்கவசம் தளபதியின் அடையாளமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தென் இத்தாலியில் இந்தப் பழக்கம் வேடிக்கையான எல்லைக்குப் போனது. அங்கே செய்த வகையில் கண்ணும் மூக்கும் வெறும் அலங்காரம். அதை எப்போதும் உச்சந்தலையில்தான் வைத்துக்கொண்டார்கள், முகத்துக்கு இறக்கவே முடியாது.

மேலே நிற்கும் கொண்டை குதிரைமயிர். உயரத்தைக் கூட்டும், எதிரியை மிரட்டும், கூட்டத்தில் ஆளை அடையாளம் காட்டும். அது எப்படி மிரட்டும் என்பதற்கு இலியத்தின் ஆறாம் காண்டத்தைவிட நல்ல சான்று இல்லை. போர்க்களத்திலிருந்து வந்த டிராய் இளவரசன் ஹெக்டர் மகனைத் தூக்கக் கை நீட்டுகிறான். அசையும் குதிரைமயிரைப் பார்த்த குழந்தை அலறித் தாதியின் மார்பில் ஒளிகிறது. ஹெக்டர் சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்கிறான்.

நிறம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்தில் பச்சையாகவும் கரும்பழுப்பாகவும் நிற்பதைப் பார்த்து, அணிந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று நினைக்கக் கூடாது. அது மண்ணுக்குள் கிடந்து ஏறிய களிம்பு. துலக்கிய வெண்கலம் பொன்னிறத்தில் மின்னும். ஒலிம்பியா கோயில் வளாகத்தில் கிணறுகளிலும் மேடுகளிலும் ஏராளமான தலைக்கவசங்கள் கிடைத்தன. வென்றவர்கள் ஜீயஸுக்குக் காணிக்கையாகப் போட்டவை. அவற்றில் ஒன்றின் விளிம்பில் "மில்டியாடிஸ் ஜீயஸுக்குப் படைத்தான்" என்று பொறித்திருக்கிறது. கி.மு. 490-இல் மாரத்தானில் ஏதென்ஸை வெற்றிக்கு நடத்திய தளபதியின் பெயர் அது.

கொரிந்திய வகை மட்டுமே எல்லோரும் அணிந்தார்கள் என்றில்லை. இல்லிரிய வகை என்று அழைக்கப்படுவது முகத்தைத் திறந்தே விட்டது. பெயர் அப்படி இருந்தாலும் பிறந்த இடம் தென் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீஸ். கால்கிடிய வகை கொரிந்தியத்தின் குறையைத் திருத்த வந்தது போலிருக்கும்: காதுக்கு இடம் வெட்டி, கன்னத் தகடுகளைப் பலவற்றில் கீலில் தொங்கவிட்டார்கள். அட்டிக வகையில் மூக்குத் தகடும் போய்விட்டது. இந்தப் பெயர்களெல்லாம் பெரும்பாலும் நவீன அறிஞர்கள் வைத்த பெயர்கள், அக்காலத்து ஆள் கடையில் போய் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே திசை தெரியும். முகம் திறக்கிறது, காது திறக்கிறது.

அந்தத் திசையின் முனையில் நிற்பது பிலோஸ். உழவனும் மாலுமியும் அணிந்த கூம்பு வடிவ ஃபெல்ட் குல்லாவை அப்படியே வெண்கலத்தில் செய்தால் அதுதான். முகத்துக்கு எந்தக் காப்பும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பார்ட்டா வீரர்கள் இதை விரும்பி அணிந்தார்கள். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. ஸ்பார்ட்டாவின் பலமே வரிசையில் நின்று கட்டளைப்படி திரும்புவது, குழலிசைக்கு அடி வைத்து நடப்பது. காதை அடைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமலும் செய்ய முடியாது.

ஆனால் அதற்கும் விலை இருந்தது. கி.மு. 425-இல் பைலோஸ் ஊரை ஒட்டிய ஸ்ஃபாக்டீரியா தீவில் மாட்டிக்கொண்ட ஸ்பார்ட்டா படையை ஏதென்ஸின் வில்லாளிகளும் எறியீட்டிக்காரர்களும் கிட்டே வராமல் தூரத்திலிருந்தே அடித்தார்கள். காடு எரிந்து கிடந்த சாம்பல் எழும்பிக் கண்ணை மறைத்தது. எதிரியின் கூச்சலில் சொந்தக் கட்டளையே கேட்கவில்லை. அவர்களுடைய பிலோஸ்கள் அம்பைத் தடுக்கவில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் எழுதுகிறார். தீவில் இறங்கிய 420 பேரில் 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டாக்காரன் சரணடைவான் என்று யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. அப்போது பறித்த கேடயங்களில் ஒன்று ஏதென்ஸின் சந்தைச் சதுக்கமான அகோராவில் தோண்டியபோது கிடைத்தது. "ஏதென்ஸ் மக்கள் பைலோஸில் லாகடைமோனியரிடமிருந்து (அதாவது ஸ்பார்ட்டாக்காரர்களிடமிருந்து) எடுத்தது" என்ற பொறிப்பு அதில் இன்றும் தெரிகிறது.

இப்போது உடம்புக்கு வருவோம். மணிக்கவசத்துக்கு அடுத்து வயிற்று மடிப்பும் மார்புத் தசையும் அச்சு எடுத்தது போல் தெரியும் வெண்கல மார்புக்கவசம் வந்தது. சிலைகளில் அழகாக இருக்கும். செலவும் அதிகம், பெரும்பாலும் வசதியானவர்களும் தளபதிகளும் அணிந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சாடி ஓவியங்களை நிறைப்பது வேறொரு வகை. ஒரு தடித்த விரிப்பை உடம்பைச் சுற்றி இடப்பக்கம் முடிச்சுப் போட்டு, முதுகிலிருந்து இரண்டு தோள்பட்டைகளை முன்னால் இழுத்து மார்பில் கட்டுவது. இடுப்புக்குக் கீழே அது பட்டை பட்டையாகப் பிளந்து தொங்கும். பட்டைகளுக்கு இடையே தெரியும் சந்தை மறைக்க உள்ளே இன்னொரு வரிசைப் பட்டைகள். வத்திக்கானில் உள்ள கி.மு. 450-ஐ ஒட்டிய ஒரு சாடியில் அகிலீஸ் இதை அணிந்து ஈட்டியைத் தோளில் சாய்த்து நிற்பான். கட்டும் முடிச்சு வரை தெளிவாகத் தெரியும்.

அது எதனால் செய்தது? லினன் துணியா, தோலா? லினன் மார்புக்கவசம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. இலியத்திலும் கவிஞர் அல்கேயஸின் பாடலிலும் அது வருகிறது. பல அடுக்குத் துணியைப் பசை போட்டு ஒட்டினால் அது அம்பைத் தாங்குமா என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரெகரி ஆல்ட்ரெட் செய்து பார்த்தார். சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தாங்கியது. தன் மாணவரையே அணிய வைத்து அம்பு எய்தும் காட்டினார். நல்ல சோதனைதான். ஆனால் தாங்குகிறது என்பதாலேயே கிரேக்கர்கள் ஒட்டித்தான் செய்தார்கள் என்று ஆகிவிடாது. பசையைப் பற்றிக் கிரேக்கச் செய்யுளோ உரைநடையோ பேசுவதில்லை. நெருக்கித் தைத்த துணியும் தடித்த தோலும் இரண்டும் புழங்கியிருக்கும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. படைவீரரும் எழுத்தாளருமான செனோஃபோன் தன் காலத்துச் சிப்பாய்களுக்குச் சொல்லும் ஸ்போலாஸ் என்பது தோல் மேலங்கி. அது எல்லாவற்றையும் தாங்கியதும் இல்லை. கி.மு. 401 குளிர்காலத்தில் கார்டுக்கியர் மலைகளைக் கடக்கும்போது ஒரு ஸ்பார்ட்டா வீரனின் கேடயத்தையும் ஸ்போலாஸையும் சேர்த்துத் துளைத்த அம்பு விலாவில் ஏறி அவனைக் கொன்றதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

காலுக்கு முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெண்கலக் காப்பு. வாரே இல்லாமல், தகட்டின் விறைப்பிலேயே கெண்டைக்காலைக் கவ்விக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். ஆளின் காலை அளந்து அடித்தால் தவிர அது நிற்காது. தொடக்க காலத்தில் தொடைக்கும் கைக்கும் கணுக்காலுக்கும்கூடத் தனிக் காப்புகள் இருந்தன. ஒலிம்பியாவில் கிடைத்திருக்கின்றன. முதலில் கழற்றி எறியப்பட்டவை இவைதான்.

கழற்ற முடிந்ததற்குக் காரணம் கேடயம். அஸ்பிஸ் என்ற அந்த வட்டக் கேடயம் சுமார் 90 சென்டிமீட்டர் அகலம், மர உடலும் வெண்கல விளிம்பும், பலவற்றில் முகம் முழுவதும் வெண்கலத் தகடு. எடை ஆறு முதல் எட்டு கிலோ. முன்கை நடுவிலுள்ள பட்டைக்குள் நுழையும், விரல்கள் விளிம்பிலுள்ள கயிற்றைப் பிடிக்கும், குழிவான உட்பக்கத்தைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். முகவாயிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் இப்படியொரு கேடயம் இருக்கும்போது, பக்கத்து ஆளின் கேடயமும் வலப்பக்கத்துக்கு ஓரளவு அரணாக நிற்கும்போது, தொடைக்காப்பு எதற்கு? சில தலைமுறை கழித்து, வெண்கல மார்புக்கவசம்தான் எதற்கு? மொத்தச் சுமை 30 கிலோவுக்கு மேல் என்று பழைய நூல்கள் எழுதும். இன்றைய கணக்குகள் 15 முதல் 20 கிலோவை ஒட்டியே வருகின்றன.

கேடயத்தை எறிந்துவிட்டு ஓடுபவனுக்கு மட்டும் ஏன் அவமானம், தலைக்கவசத்தை எறிந்தவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டபோது ஸ்பார்ட்டாவின் டெமராட்டஸ் சொன்ன பதிலைப் புளூட்டார்க் பதிந்திருக்கிறார். தலைக்கவசமும் மார்புக்கவசமும் தனக்காக அணிவது, கேடயம் வரிசை முழுவதற்குமாக ஏந்துவது என்றாராம்.

கேடயத்தின் முகம் அவனவன் விருப்பம். சிங்கம், சேவல், பாம்பு, பாம்புமுடி அரக்கியான கொர்கனின் தலை, என்னவெல்லாமோ வரைந்தார்கள். ஒரு ஸ்பார்ட்டாக்காரன் உண்மை அளவில் ஒரு ஈயை மட்டும் வரைந்து வைத்திருந்தான் என்றும், கண்ணுக்கே தெரியாமலிருக்கவா என்று கேலி செய்தவர்களிடம், "எதிரிக்கு ஈ தெரியும் அளவுக்குக் கிட்டே போவேன்" என்றான் என்றும் இன்னொரு கதை உண்டு. நகரத்துக்கு ஒரு பொது அடையாளம் வருவது மெல்ல மெல்லத்தான். ஸ்பார்ட்டாவின் லாம்டா எழுத்துக்கு (லாகடைமோனின் முதலெழுத்து) சான்று, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனீசியப் போர்க் காலத்தது. கி.மு. 480-இல் பாரசீகரை எதிர்த்து நின்ற தெர்மோபிலியில் எல்லாக் கேடயத்திலும் அதைக் காட்டுவது பிற்காலத்தை முன்னால் இழுத்து ஒட்டுவது. கி.மு. 392-இல் கொரிந்தில், பாசிமாக்கஸ் என்ற ஸ்பார்ட்டாத் தளபதி தன் ஆட்களோடு சிகியோன் வீரர்களின் கேடயங்களை வாங்கி மாட்டிக்கொண்டு போரிட்டான். அவற்றில் சிகியோனின் முதலெழுத்தான சிக்மா இருந்ததால் எதிரிகளான ஆர்கோஸ்காரர்கள் அவர்களைச் சிகியோன்காரர்கள் என்றே எண்ணினார்கள். "இந்த சிக்மாக்கள் உங்களை ஏமாற்றிவிடும், ஆர்கோஸ்காரர்களே" என்று சொல்லியபடி பாய்ந்தான், அங்கேயே மாண்டான்.

சீருடை இல்லாததன் விளைவு சில சமயம் கொடூரமாக இருந்தது. கி.மு. 424-இல் டேலியம் போரில் ஏதென்ஸ் படையின் வலப்பக்கம் எதிரியைச் சுற்றி வளைத்து எதிரெதிரே சந்தித்தபோது, அடையாளம் தெரியாமல் ஏதென்ஸ்காரர்களே ஒருவரை ஒருவர் கொன்றார்கள்.

ஸ்பார்ட்டா இதில் ஒரு விதிவிலக்கு. சிவப்பு உடை உண்மைதான். அது பெண்கள் உடையோடு சற்றும் ஒட்டாதது, போருக்கு மிகவும் பொருந்துவது என்று ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் வகுத்த லைகர்கஸ் விதித்ததாகச் செனோஃபோன் எழுதுகிறார். வெண்கலம் பூண்ட கேடயத்தையும் அதே மூச்சில் சொல்கிறார்: சீக்கிரம் துலங்கும், மெதுவாக மங்கும். இரத்தம் தெரியாமலிருக்கச் சிவப்பு என்ற விளக்கம் பின்னால் வருவது. நீண்ட முடியும் அந்த உடையின் ஒரு பகுதியே. தெர்மோபிலியில் போருக்கு முன் ஸ்பார்ட்டாக்காரர்கள் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்ததைப் பாரசீக ஒற்றன் பார்த்துத் திகைத்த கதையை ஹெரோடோட்டஸ் சொல்கிறார்.

அப்படியானால் வெற்று மார்பு? சாடிகளிலும் சிற்பங்களிலும் வீரர்கள் ஆடையின்றி இருப்பது நாயகர்களைக் காட்டும் கலை மரபு. ஈட்டி முனைக்கு முன்னால் யாரும் அப்படிப் போய் நிற்கவில்லை. இருந்தாலும், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்புக்கவசமே இல்லாமல், வலத்தோள் திறந்த ஒரு குட்டைச் சட்டை, பிலோஸ், கேடயம் என்ற மூன்றோடு மட்டும் சண்டைக்குப் போன ஹோப்லைட்டுகள், அதாவது கேடயக் காலாட்படையினர், நிறையவே இருந்தார்கள். தெர்மோபிலிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த நிலை அது.

காசு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யார் என்ன அணிந்தார் என்பதை அதுதான் தீர்மானித்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஒரு ஏதென்ஸ் ஆணை, சலாமிஸில் குடியேறியவர்கள் 30 டிராக்மா (வெள்ளிக் காசு) மதிப்புள்ள ஆயுதங்களைத் தாங்களே வைத்திருக்க வேண்டும் என்கிறது. இல்லாதவன் கப்பலில் துடுப்புப் போடப் போவான். போரில் அப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு வயது வந்ததும் ஏதென்ஸ் அரசு முழுக் கவசம் கொடுத்து டயோனீசியா திருவிழாவில் மக்கள் முன் நிறுத்தும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் முதலாண்டுப் பயிற்சி முடித்த ஒவ்வோர் இளைஞனுக்கும் கேடயமும் ஈட்டியும் அரசே கொடுத்தது. தலைக்கவசம் அந்தப் பட்டியலில் இல்லை. கேடயத் தொழில் எவ்வளவு பெரியது என்பதற்கு ஏதென்ஸில் வாழ்ந்த பேச்சாளர் லிசியாஸின் குடும்பம் சாட்சி: கி.மு. 404-இல் ஏதென்ஸைப் பிடித்த முப்பதின்மர் ஆட்சி அவர்களிடம் பறிமுதல் செய்தது 700 கேடயங்களும் 120 அடிமைகளும்.

கூலிப்படை வந்ததும் நிலைமை மாறுகிறது. கி.மு. 401-இல் பாரசீக இளவரசன் இளைய சைரஸ் தன் கிரேக்கக் கூலிப்படையைச் சிலிசிய அரசிக்கு அணிவகுத்துக் காட்டினான். எல்லோரும் வெண்கலத் தலைக்கவசம், சிவப்புச் சட்டை, கால்காப்பு அணிந்து, கேடயங்களை உறையிலிருந்து எடுத்திருந்தார்கள் என்று அந்தப் படையிலேயே இருந்த செனோஃபோன் எழுதுகிறார். மார்புக்கவசம் பற்றிப் பேச்சே இல்லை. ஈட்டியைத் தாழ்த்தி அவர்கள் விளையாட்டாக முன்னால் ஓடிவந்தபோது அரசி வண்டியில் ஏறி ஓடினாள், சந்தைக்காரர்கள் சரக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பதினோரு ஆண்டு கழித்துக் கொரிந்தின் துறைமுகமான லேகையம் அருகே, ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரடீஸின் இலகுரகப் படை எறியீட்டிகளை மட்டும் வைத்து ஒரு ஸ்பார்ட்டாப் பிரிவைச் சிதைத்து ஏறக்குறைய 250 பேரைக் கொன்றது. ஓடக்கூடியவனை வெண்கலம் சுமப்பவன் பிடிக்க முடியாது என்பதை அன்று கிரேக்கம் முழுவதும் பார்த்தது.

குதிரைப்படைக்குத் தேவை வேறு. எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும், மேலிருந்து விழும் வெட்டைத் தாங்க வேண்டும். அகன்ற விளிம்பு கீழே வளைந்து இறங்கும் பியோஷியத் தலைக்கவசத்தைச் செனோஃபோன் பரிந்துரைப்பது இதனால்தான். பார்வையை மறைக்காமல் மார்புக்கவசத்துக்கு மேலுள்ள எல்லாவற்றையும் காக்கும் என்கிறார். டைக்ரிஸ் ஆற்றில் கிடைத்த ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலெக்சாந்தரின் குதிரைவீரர்கள் இதே வகையைத்தான் அணிந்தார்கள்.

அலெக்சாந்தர் பாரசீகருக்கு எதிரான கௌகமேலா போரில் என்ன அணிந்தான் என்று புளூட்டார்க் வரிசையாகச் சொல்கிறார். முந்தைய இஸ்ஸஸ் போரின் கொள்ளையில் கிடைத்த இரட்டை லினன் மார்புக்கவசம். தியோஃபிலஸ் என்ற கைவினைஞன் செய்த இரும்புத் தலைக்கவசம், துலக்கிய வெள்ளி போல் மின்னியதாம். கழுத்துக்குக் கற்கள் பதித்த இரும்புப் பட்டை. வெண்கலக் கவசம் இரும்புக்கு வழிவிடுவதை இதிலேயே பார்க்கலாம். 1977-இல் தொல்லியலாளர் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ், மாசிடோனிய அரச கல்லறைகள் உள்ள வெர்ஜீனாவில் திறந்த இரண்டாம் கல்லறையிலும் இரும்புத் தலைக்கவசம் ஒன்றும், துணிக்கவசத்தின் வடிவத்திலேயே இரும்புத் தகடுகளால் செய்து பொன் பட்டைகளால் அலங்கரித்த மார்புக்கவசமும் இருந்தன.

மன்னனுக்கு அது சரி. சாதாரண மாசிடோனியச் சிப்பாய்க்கு? கி.மு. 200-ஐ ஒட்டி, ஐந்தாம் ஃபிலிப் காலத்தில், ஆம்ஃபிபொலிஸில் கல்லில் வெட்டிய ராணுவச் சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. கருவியைத் தொலைத்து வருபவனுக்கு அபராதம்: கூம்புத் தலைக்கவசம் இல்லையென்றால் 2 ஓபொல், வயிற்றுக் காப்புக்கு 2, கால்காப்புக்கு 2, நீண்ட சரிஸ்ஸா ஈட்டிக்கு 3, குறுவாளுக்கு 3, கேடயத்துக்கு ஒரு முழு டிராக்மா, அதாவது 6 ஓபொல். அதிகாரியானால் எல்லாம் இரட்டிப்பு. மார்புக்கவசத்துக்கு 2 டிராக்மாவும் அரை மார்புக்கவசத்துக்கு 1 டிராக்மாவும் குறித்திருக்கிறது, ஆனால் அந்த இரண்டு வரிகளும் அதிகாரிகளுக்கு மட்டுமே.